சனிக்கிழமைச் சத்தம்

முத்தூரணி முனிசிபல் ஸ்டேடியத்தில் ஞாயிற்றுக்கிழமை நடக்கப்போகிற ஆட்டத்தின் சத்தம் முந்தின நாள் சனிக்கிழமையே கேட்க ஆரம்பித்த அந்த வருஷத்தில், எங்கள் மின்மினி ஹாக்கி கிளப் மாவட்ட இரண்டாம் டிவிஷனில் கடைசிக்கு ஓரிடம் மேலே ஊசலாடிக்கொண்டிருந்தது, மழை வழக்கம்போல வருகிறேன் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பக்கத்து ஊரில் பெய்துகொண்டிருந்தது, கோல்கீப்பர் சீனிராஜும் அவன் மனைவி குருவம்மாளும் சோறு, குழம்பு, சாவி என்ற மூன்று வார்த்தைகளுக்குள் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார்கள்.

ஸ்டேடியம் என்றதும் டிவியில் பார்த்ததை நினைத்துக்கொண்டு யாரும் வந்துவிட வேண்டாம். மேற்கே தகரம் வேய்ந்த ஒரு கேலரி, கிழக்கே சும்மா ஒரு மண்மேடு, நடுவில் சரளை மைதானம், அதன் ஓரங்களில் தைரியமுள்ள கொஞ்சம் புல், அந்தப் புல்லை மேய வருகிற ஆடுகள், அவ்வளவுதான். ஆனால் எங்களுக்கு அது போதும். பெரிய டிவிஷன் ஆட்டக்காரர்களை யார் வேண்டுமானாலும் ரசிக்கலாம். நேற்றுக் கம்பத்தில் ஏறி உங்கள் வீட்டுக்குக் கரண்ட் கொடுத்துவிட்டுப் போன லைன்மேன் இன்று காலில் பேடு கட்டிக்கொண்டு கோலில் நிற்பதையும், உங்கள் சட்டைக்குக் காஜா எடுத்தவர் பந்தோடு ஓடுவதையும் பார்ப்பதில் ஒரு உரிமை இருக்கிறது, அந்த உரிமையில் நாலு வார்த்தை திட்டவும் முடிகிறது. தீப்பெட்டி ஆபீசில் ஆறு நாள் குனிந்தே கிடந்த ஊர் ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குத்தான் நிமிர்ந்து வாய் திறந்து கத்தும். அந்தக் கத்தல் இல்லாவிட்டால் எங்களுக்கு அடுத்த வாரம் பிறக்காது.

அந்தக் கத்தல்தான் ஒருநாள் முன்னதாக வந்துவிட்டது. மாசி மாதம் ஒரு சனிக்கிழமை, கேலரிக்குப் பின்னாலேயே வீடு உள்ள குருவம்மாள் மொட்டை மாடியில் கூழ்வற்றல் பிழிந்துகொண்டிருந்தபோது, ஸ்டேடியத்துக்குள் ஊரே கூடியிருப்பதுபோல் சத்தம் கேட்டது, எட்டிப் பார்த்தால் ஒருவரும் இல்லை. மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் மட்டும் காலிக் கேலரியைப் பார்த்து மிரண்டு வாசல் வழியாக ஓடிக்கொண்டிருந்தன. சத்தம் கேட்டுத் தெருவே திரண்டு உள்ளே போயிற்று. பந்து அடிபடுகிற ஓசை இல்லை, அம்பயர் விசில் இல்லை; கேலரியின் சத்தம் மட்டும், கைதட்டலும் விசிலடிப்பும் கடலை விற்கிறவரின் “ஏ கடலே” என்ற கூவலும் நடுநடுவே நாலு “அய்யய்யோ”வும், ஆள் இல்லாமல் தனியாக நடந்து, ஆட்டம் முடிகிற நேரத்துக்குக் கலைந்து போயிற்று. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் எங்கள் கோலுக்குள் நாலு பந்து விழுந்தது, நாலு “அய்யய்யோ”வும் அதே இடத்தில் அதே நீளத்தில் விழுந்தன. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அப்புறம் டீ குடிக்கப் போனோம்.

ஏன் அப்படி நடந்தது என்று ஆரம்பத்தில் இரண்டொருவர் கேட்டார்கள்தான். கேலரித் தகரத்தில் கோளாறு என்றார் ஒருவர், காற்று திசைமாறி வீசுகிறது என்றார் இன்னொருவர். கடலைமிட்டாய்க் கம்பெனி வைத்திருப்பவரும் எங்கள் கிளப்பின் செயலாளருமான தர்மராஜ் அண்ணாச்சி, “வந்த சத்தத்தை வா உக்காருன்னு சொல்லுவீகளா, எங்க இருந்து வந்தேன்னு விசாரிச்சுக்கிட்டு இருப்பீகளா?” என்று ஒரு கேள்வி கேட்டார், பேச்சு அதோடு முடிந்தது. அடுத்த சனிக்கிழமை ஸ்டேடியம் வாசலில் ஒரு டீக்கடை முளைத்தது, அதற்கடுத்த சனிக்கிழமை ஒரு பஜ்ஜிக்கடை. ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்குப் போக வேண்டியவர்கள் சனிக்கிழமையே வந்து கேட்டுவிட்டு நிம்மதியாக மொய் எழுதப் போனார்கள். வாரம் இரண்டு ஆட்டம் கிடைத்த ஊர் எங்கள் ஊராகத்தான் இருக்கும்.

ஆடுகள்தான் எங்களைவிடச் சீக்கிரம் பழகிக்கொண்டன. சனிக்கிழமை மூன்றரை மணி ஆனதும் தாமாக எழுந்து வரிசையாக வெளியேறிவிடும்.

ஆனால் எந்த வசதியும் ஒரு கடமையைக் கூட்டிக்கொண்டுதான் வரும். ஒரு சனிக்கிழமை பால்பாண்டியும் அவன் மச்சானும் கேலரியில் சண்டை போட்டுக்கொள்கிற சத்தம் கேட்டுவிட்டது. பால்பாண்டி மைக்செட் வாடகைக்கு விடுகிறவன், அவன் தொண்டைக்கு மட்டும் மைக் தேவையில்லை. மறுநாள் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, சண்டைக்கு ஒரு காரணமும் அகப்படாமல் தவித்து, கடைசியில் ஒரு பஜ்ஜியைச் சாக்கு வைத்துக் கட்டிப் புரண்டார்கள். இன்னொரு ஞாயிற்றுக்கிழமை அபூர்வமாக மழை பிடித்துக்கொண்டது, ஆட்டத்துக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்துவிடலாம் என்று பலரும் நினைத்தோம். ஆனால் நேற்றுக் கேட்ட கைதட்டலை யார் தட்டுவது என்று ஒவ்வொருவருக்கும் மனசு உறுத்த, குடையும் சாக்குமாகப் போய் நனைந்துகொண்டே தட்டிவிட்டு வந்தோம். இப்படியாகச் சனிக்கிழமை கேட்டதை ஞாயிற்றுக்கிழமை சிந்தாமல் சிதறாமல் கத்திவிட வேண்டும், கேட்காததைக் கத்தக் கூடாது என்பது ஊர் வழக்கமாயிற்று. சத்தம் ஒருமுறைகூடத் தப்பியதில்லை என்று வெளியூர்க்காரர்களிடம் பெருமை பேசினோம். எப்படித் தப்பும், தப்பாமல் பார்த்துக்கொண்டவர்களே நாங்கள்தானே.

இதில் அடிபட்டவன் சீனிராஜ். முன்பெல்லாம் அவன் மோசமான கோல்கீப்பர் என்று சொல்ல முடியாது. கம்பத்தில் ஏறி இறங்கி உரமேறிய கையும் காலும், பந்தைக் கண்டால் ஒரு வெறியும் அவனிடம் இருந்தன. சனிக்கிழமைச் சத்தம் வந்தபின் எல்லாம் இறங்கிவிட்டது. சனிக்கிழமை வேலை முடிந்து வருகிற வழியில் மதிலோரம் சைக்கிளை நிறுத்தி “அய்யய்யோ”க்களை எண்ணிக்கொள்வான், மறுநாள் அத்தனை பந்தை உள்ளே விட்டுவிட்டு வருவான். எத்தனை விழும் என்று தெரிந்தபின் எதற்காகப் பாய வேண்டும், முழங்கையை எதற்காகச் சிராய்த்துக்கொள்ள வேண்டும்? பால்பாண்டிதான் அவனுக்கு “சல்லடை” என்று பெயர் வைத்தான். வைத்தது ஞாயிற்றுக்கிழமை என்றாலும் ஊர் கேட்டது சனிக்கிழமை, அதனால் தான் வைக்கவில்லை என்றும் தனக்கு முன்பே அது வந்துவிட்டது என்றும் இன்றுவரை சாதிக்கிறான்.

குருவம்மாளுக்கு அந்தச் சத்தம் வீட்டுக்குள்ளேயே கேட்டது. சனிக்கிழமை ஒரு தடவை, ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை, தன் புருஷனை ஊரே சல்லடை என்று கூப்பிடுவதை அடுப்படியில் நின்று கேட்க வேண்டியிருந்தது. கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர்கூட “சல்லடை வீடு இதுதானாம்மா?” என்று கேட்டார். அவள் ஸ்டேடியத்தின் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று முடிவுசெய்து, கட்டிலையே திருப்பிப் போட்டுவிட்டாள். ஊர் திட்டுவதுகூட அவளுக்கு ஆறிவிடும். ஆறாதது ஒன்றே ஒன்றுதான், அதை ஒருநாள் அவனிடம் கேட்டேவிட்டாள்.

“சனிக்கிழமை சொன்னா கேப்பீக. கட்டுன பொண்டாட்டி சொன்னா கேக்க மாட்டீகளா? பாஞ்சு பிடிங்கன்னு எத்தனை தடவை சொல்லியாச்சு.”

“நாலுன்னு கேட்டாச்சு குருவு. அதுக்கு மேல நான் என்ன செய்ய?”

“நாலாவது பந்தை விட்டுட்டுத் திரும்பிக்கூடப் பாக்கலயாம்ல நீங்க. நீங்க விட்டதுனாலதான் சனிக்கிழமை அப்படிக் கேட்டுச்சோ என்னவோ.”

அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போனான். அன்றிலிருந்துதான் சோறு, குழம்பு, சாவி.

சீசனின் கடைசி ஆட்டம் வந்தது. எதிரே சிந்தலக்கோட்டை சிங்கம்ஸ். தோற்றால் மூன்றாம் டிவிஷன், மூன்றாம் டிவிஷன் ஆட்டங்கள் எல்லாம் மாவட்டத் தலைநகரில்தான் நடக்கும், அப்புறம் முத்தூரணி ஸ்டேடியத்தில் ஆடுகள் மட்டும்தான் ஆடும். எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் எங்களை விட்டுப் போய்விடும். டிரா செய்தால் தப்பிக்கலாம். சீனிராஜுக்கு அதுதான் கடைசி ஆட்டம் என்றும் கிளப்பில் முடிவாகியிருந்தது. முப்பத்தெட்டு வயதில் சல்லடையாகவே வீட்டுக்கு அனுப்பப்படப் போகிறான் என்பது குருவம்மாளுக்கும் தெரிந்திருந்தது.

அந்தச் சனிக்கிழமை ஊரே மதிலைச் சுற்றிக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. நாலு மணி ஆயிற்று, சத்தம் இல்லை. நாலே காலுக்கும் இல்லை. பஜ்ஜிச் சட்டியில் எண்ணெய் கொதிப்பது சத்தமாகக் கேட்டதால் அடுப்பை அணைக்கச் சொன்னோம். அப்போதும் இல்லை. ஆட்டம் முடிய வேண்டிய நேரம் வரைக்கும் ஒரு கைதட்டல், ஒரு இருமல், ஒரு “ஏ கடலே” கேட்கவில்லை.

யாரோ சாகப்போகிறார்கள் என்றார் ஒருவர். ஆட்டமே நடக்காது என்றார் இன்னொருவர். பால்பாண்டி மட்டும் மெதுவாகச் சொன்னான்: “அய்யய்யோ கேக்கல. ஒண்ணுகூடக் கேக்கல.”

அதன் அர்த்தம் கூட்டத்தில் பரவுவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. “அய்யய்யோ” இல்லையென்றால் கோல் இல்லை. கோல் இல்லையென்றால் டிரா. டிரா என்றால் நாங்கள் தப்பித்தோம்! சத்தம் போட்டுச் சந்தோஷப்படப் போன ஊரைத் தர்மராஜ் அண்ணாச்சி இரண்டு கையையும் தூக்கி அடக்கினார்.

“எப்பா, பொறுங்க. நாளைக்கு ஒருத்தன் வாயத் திறந்தாலும் எல்லாம் கெட்டுப்போகும். சனிக்கிழமை எப்படியோ ஞாயித்துக்கிழமை அப்படி. கைதட்டக் கூடாது, இருமக் கூடாது. கைப்பிள்ளைகளைத் தூக்கிட்டு வராதீக. வாசல்ல ஆளுக்கொரு கடலைமிட்டாய் நான் தாறேன், வாயில போட்டு அடக்கிக்கிடுங்க. கடிக்காதீக. சப்புங்க.”

மறுநாள் முத்தூரணி ஸ்டேடியம் பார்த்த கூட்டத்தை அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. தகரக் கேலரி முதல் மண்மேடு வரை ஊர் முழுக்க ஒரு கன்னம் உப்பி உட்கார்ந்திருந்தது. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்திருந்தோம். கடலை விற்கிறவர் கூடையைத் தூக்கிக்கொண்டு படிப்படியாக ஏறி, கூவாமல் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். சிந்தலக்கோட்டைக்காரர்கள் எங்களைப் பார்த்துப் பயந்தே போனார்கள். அவர்களுடைய கேப்டன் வந்து, ஊரில் ஏதும் துக்கமா என்று அண்ணாச்சியிடம் விசாரித்தான். அண்ணாச்சி கன்னத்தைக் காட்டிச் சிரித்தார்.

ஆட்டம் தொடங்க ஒரு நிமிஷம் இருக்கும்போது குருவம்மாள் உள்ளே வந்தாள். கேலரிக்குப் பின்னால் இத்தனை வருஷம் குடியிருந்தும் கேலரியில் அவள் கால் வைத்ததில்லை. வாசலில் நீட்டிய கடலைமிட்டாயை வாங்கிக்கொண்டாள், வாயில் போடாமல் முந்தானையில் முடிந்துகொண்டு, முதல் வரிசையில் கோலுக்கு நேராகப் போய் உட்கார்ந்தாள். இன்று யாரும் திட்ட மாட்டார்கள் என்பதால் வந்திருக்கிறாள், பாவம் என்று நாங்கள் கண்ணாலேயே பேசிக்கொண்டோம். சீனிராஜ் அவளைப் பார்த்துவிட்டு, ஏற்கெனவே கட்டியிருந்த பேடை அவிழ்த்து மறுபடி கட்டினான்.

அன்றைக்குத்தான் எங்கள் ஆட்டத்தின் சத்தத்தை நாங்கள் கேட்டோம். இத்தனை காலம் எங்கள் கத்தலில் அமுங்கிக் கிடந்த பந்தின் ஓட்டம், சரளையில் அது துள்ளுகிற சரசரப்பு, ஸ்டிக்கோடு ஸ்டிக் மோதுகிற டக், ஓடுகிறவனின் மூச்சு எல்லாம் கேட்டன. சீனிராஜும் கேட்டான். முதல் பந்து வந்தபோது கண்ணால் பார்ப்பதற்கு முன்பே காதால் பார்த்ததுபோல் வலப்பக்கம் சரிந்து காலால் தள்ளினான். அப்புறம் ஒன்று, அப்புறம் இன்னொன்று. விழுந்தான், எழுந்தான், முழங்கையில் ரத்தம் வந்தது, துடைக்காமல் நின்றான். எங்களுக்குக் கத்தல் தொண்டைவரை வந்தது. மிட்டாயை அடுத்த கன்னத்துக்கு மாற்றிக்கொண்டோம். பால்பாண்டியின் கண்ணிலிருந்து தண்ணீராகக் கொட்டியது, கத்தாமல் இருப்பது அவனுக்கு அத்தனை வேதனை.

கோல் எதுவும் விழாமல் ஆட்டம் கடைசிக்கு வந்தபோது, எங்கள் காஜாக்காரர் கோல் வாயிலில் பந்தைக் காலால் நிறுத்தித் தொலைத்தார். அம்பயர் விசிலை ஊதிப் பெனால்டி ஸ்ட்ரோக் என்று கையைக் காட்டினார். அடிப்பவன் ஒருவன், காப்பவன் ஒருவன், நடுவில் பந்து, மற்றவர்கள் எல்லாம் தள்ளி நின்று வேடிக்கை பார்க்க வேண்டும். இது முடிந்தால் ஆட்டமும் முடிந்தது.

சிந்தலக்கோட்டைக் கேப்டன் பந்துக்குப் பின்னால் வந்து நின்றான். சீனிராஜ் கோட்டில் நின்றான். நின்றவன் ஒரு கணம் கேலரியைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வை எங்களுக்குத் தெரியும். “அய்யய்யோ” எத்தனை என்று தெரிந்துகொண்டு கோலுக்குப் போகிற பழைய பார்வை. அவன் தோள் லேசாக இறங்கியது. சனிக்கிழமை ஒன்றும் கேட்கவில்லை, ஆகையால் பந்து தானாக வெளியே போய்விடும், நான் சும்மா நின்றால் போதும் என்று அந்தத் தோள் சொல்லிற்று.

குருவம்மாள் எழுந்து நின்றாள்.

“சனிக்கிழமை ஒண்ணுஞ் சொல்லலைங்க!” அவள் குரல் தகரத்தில் மோதி மைதானம் முழுக்க உருண்டது. “ஒருத்தருக்கும் ஒண்ணுந் தெரியாது! பாஞ்சு பிடிங்க!”

அண்ணாச்சி தலையில் கைவைத்துக்கொண்டார். ஊர் மொத்தமும் அவளைப் பார்த்துத் திரும்பியதால் பந்தை அடித்த கணத்தை எங்களில் பாதிப்பேர் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் சொன்னது இதுதான்: பந்து இடப்பக்க மூலைக்குப் பறந்தது, சீனிராஜ் அதைவிட முன்னதாகப் பறந்தான், கம்பத்திலிருந்து கம்பத்துக்குத் தாவுகிறவன்போல முழு நீளத்துக்கு நீண்டு, கையுறையின் நுனியால் அதை வெளியே தட்டிவிட்டுச் சரளையில் முகம் பட விழுந்தான்.

நாங்கள் கத்தினோம். யார் முதலில் என்று தெரியாது. பாதி சப்பிய கடலைமிட்டாய்கள் முன்வரிசைக்காரர்களின் முதுகில் பொழிந்தன, பால்பாண்டி கத்திய கத்தலில் தகரத்திலிருந்த புறாக்கள் பக்கத்து ஊருக்கே போய்விட்டன, அம்பயர் ஊதிய கடைசி விசில் எங்களுக்குக் கேட்கவே இல்லை. அவ்வளவு சந்தோஷமாக எங்கள் ஊர் இருந்ததை நான் பார்த்ததில்லை.

கொஞ்சம் ஓய்ந்தபின்தான் அண்ணாச்சிக்கு உறைத்தது. பல்லில் ஒட்டிய மிட்டாயை நாக்கால் துழாவிக்கொண்டே, “இவ்வளவு கத்தியிருக்கமே, நேத்து இது ஏன் கேக்கல?” என்றார்.

குருவம்மாள்தான் முந்தானை முடிச்சை அவிழ்த்தபடி சொன்னாள்: “நேத்து நெசமாவே ஒண்ணும் கேக்கல அண்ணாச்சி. வந்த சத்தம் போயிருச்சு. காலி ஸ்டேடியத்துல என்னத்த கேக்கும்?”

“உனக்கு எப்படித் தாயி தெரியும்?”

“மாடியில நின்னு பாத்தேன். நீங்க எல்லாரும் மதிலுக்கு வெளிய காதை வச்சிருந்தீக. உள்ள மூணரை மணிக்கு ஆடு ஒண்ணுகூட எந்திரிக்கல. கோல் வாசல்ல படுத்து அசை போட்டுக்கிட்டுக் கிடந்துச்சு. இனிமே என்ன நடக்கும்னு யாருக்கும் தெரியாதுன்னு ஆன பொறவுதான் எனக்கு ஆட்டம் பாக்கணும்னு ஆசை வந்துச்சு.” மிட்டாயை எடுத்து வாயில் போட்டு, கேலரி முழுக்கக் கேட்கும்படி கடித்தாள்.

அதன்பின் சத்தம் முன்னதாக வரவில்லை. வந்ததைப் போலவே சொல்லாமல் போய்விட்டது, நாங்களும் விசாரிக்கவில்லை. டீக்கடையும் பஜ்ஜிக்கடையும் மட்டும் சனிக்கிழமைகளில் இன்னும் இருக்கின்றன. நாலு மணிக்கு மதிலோரம் போய் நின்று, ஒன்றும் கேட்கவில்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுத் திரும்புவதில் ஒரு நிம்மதி இருக்கிறது. சீனிராஜை வீட்டுக்கு அனுப்புகிற பேச்சைக் கிளப்பில் அப்புறம் யாரும் எடுக்கவில்லை. அவன் வீட்டுக் கட்டிலும் பழைய திசைக்கே திரும்பிவிட்டதாகக் கேள்வி.

அடுத்த சீசனின் முதல் ஆட்டத்தில் சீனிராஜ் மூன்று கோல் விட்டான். மூன்றுக்கும் உயிரைக் கொடுத்துப் பாய்ந்தான், மூன்றுமே உள்ளே போய்விட்டன, என்ன செய்வது. மூன்றாவது விழுந்ததும் கேலரி முழுக்க, சரியாக ஞாயிற்றுக்கிழமை, சரியாக அந்த நொடியில், “ஏ சல்லடை!” என்று கத்தியது. மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்த சீனிராஜ் கேலரியைப் பார்த்தான், பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தான். ஏனென்றால் அத்தனை குரலிலும் உரத்த குரல் பால்பாண்டியுடையது இல்லை. முதல் வரிசையில் எழுந்து நின்று, முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு கத்திக்கொண்டிருந்தது குருவம்மாள்.